வீட்டு வாசலுக்காக வாதாடிய வக்கீல்

ஜேம்ஸ் ஓட்டிஸ் வாழ்க்கைக் கதை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள்.

வீடு சிறியதாக இருக்கலாம். ஓலைக் குடிசையாகவும் இருக்கலாம். ஆனால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. உறவினர்கள் கூட வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

வாசலில் நிற்பவர் சர்க்கார் அதிகாரியாக இருந்தால் என்ன செய்வது?

திருட்டுப் பொருளைத் தேட வேண்டும் என்றால் அதிகாரி வீட்டுக்குள் வரத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நுழையலாமா?

நுழையக்கூடாது என்று ஒரு வக்கீல் வாதாடினார். அதற்காகத் தமது பெரிய உத்தியோகத்தை உதறினார். ஒரு காசு கூடக் கூலி வாங்கவில்லை.

அவர் அந்த வழக்கில் தோற்றார். பிறகு தலையில் அடிபட்டார். புத்தி கலங்கினார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இடி விழுந்து இறந்தார்.

ஆனால் அவருடைய வாதம் சாகவில்லை. அது ஒரு நாட்டின் சட்டமாயிற்று.

அந்த வக்கீலின் பெயர் ஜேம்ஸ் ஓட்டிஸ்.

அண்ணனும் தங்கையும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாகாணம். அங்கே கடற்கரை ஓரத்தில் பார்ன்ஸ்டபிள் என்று ஓர் ஊர். அந்த ஊரில் 1725-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி ஓட்டிஸ் பிறந்தார்.

அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்து மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாகாணத்தை மன்னர் அனுப்பிய கவர்னர் ஆண்டு வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையும் இருந்தது.

ஓட்டிசின் தந்தை பெயரும் ஜேம்ஸ்தான். வியாபாரம் செய்தார். வக்கீல் தொழிலும் பார்த்தார். பிறகு சட்டசபையின் தலைவராகவும் ஆனார்.

மூத்த மகன் ஓட்டிசைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்பது தந்தையின் ஆசை. உறவினரான ஒரு பாதிரியாரிடம் பாடம் படிக்க அனுப்பினார்.

ஓட்டிசுக்கு மெர்சி என்று ஒரு தங்கை. அண்ணனை விட 3 வயது இளையவள். அந்தக் காலத்தில் அங்கேயும் பெண்களைக் கல்லூரியில் சேர்ப்பது கிடையாது. ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. அண்ணன் படித்த பாடத்தைக் கூடவே இருந்து படித்தாள். பிற்காலத்தில் அவர் நாடகங்கள் எழுதினார். அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றையே எழுதி 1805-ல் வெளியிட்டார்.

அண்ணன் மீது தங்கைக்கு உயிர். அந்தப் பாசம் கடைசி வரை குறையவில்லை.

ஓட்டிஸ் 1743-ல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ஜெரமையா கிரிட்லி என்ற பெரிய வக்கீலிடம் சேர்ந்து சட்டம் படித்தார். கிரிட்லியை வக்கீல்கள் எல்லோரும் குருவாக மதித்தார்கள். இந்த கிரிட்லியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் குருவும் சீடரும் ஒரே வழக்கில் எதிரும் புதிருமாக நிற்கப் போகிறார்கள்.

பாஸ்டன் நகரில் ஓட்டிசின் தொழில் கொடி கட்டிப் பறந்தது. 1755-ல் ஒரு பணக்கார வியாபாரியின் மகளை மணந்தார். பிறகு அரசாங்க வக்கீல் பதவியும் தேடி வந்தது. கடல் வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில் மன்னரின் சார்பில் வாதாடும் பதவி அது. நல்ல வருமானம். ஊரில் மரியாதை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடத்தல் வியாபாரம்

பாஸ்டன் ஒரு துறைமுகப் பட்டணம். கப்பலை நம்பித்தான் ஊரே பிழைத்தது.

மேற்கு இந்தியத் தீவுகளில் இருந்து கரும்புச்சாற்றுப் பாகு பீப்பாய் பீப்பாயாக வரும். அதைக் காய்ச்சி ரம் என்ற சாராயம் எடுப்பார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் இந்தப் பாகு மலிவு. ஆனால் 1733-ம் ஆண்டில் இங்கிலாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. அன்னியத் தீவுகளில் இருந்து வரும் பாகுக்கு ஒரு காலனுக்கு 6 பென்ஸ் வரி என்றது.

அந்த வரியைக் கட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள் வியாபாரிகள். ஆகவே பலர் வரி கட்டாமல் இரவோடு இரவாகச் சரக்கை இறக்கினார்கள். கிடங்குகளிலும் வீட்டு நிலவறைகளிலும் ஒளித்து வைத்தார்கள்.

அது சட்டப்படி குற்றம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

குற்றத்தைக் கண்டுபிடிக்க சுங்க அதிகாரிகள் ஒரு ஆயுதம் வைத்திருந்தார்கள். அது துப்பாக்கி அல்ல. ஒரு காகிதம். உதவி உத்தரவு என்று அதற்குப் பெயர்.

காகிதத்தின் சக்தி

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி பகல் நேரத்தில் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். கதவு திறக்காவிட்டால் உடைக்கலாம். பெட்டியை உடைக்கலாம். நிலவறையைத் திறக்கலாம். ஊரில் உள்ள போலீசாரும் பொதுமக்களும் அவருக்கு உதவி செய்ய வேண்டும். அதனால்தான் உதவி உத்தரவு என்று பெயர் வந்தது.

சாதாரணமான சோதனை உத்தரவில் இன்னாருடைய வீடு என்று எழுதியிருக்கும். இதில் யார் பெயரும் இல்லை. ஊரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே காகிதம்தான்.

சாதாரண உத்தரவு வாங்க ஒருவர் சத்தியம் செய்து புகார் கொடுக்க வேண்டும். இதற்குப் புகாரும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம்.

சாதாரண உத்தரவு ஒரு சோதனையோடு முடிந்துவிடும். சோதனை எப்படி நடந்தது என்று கோர்ட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இதற்குக் கணக்கும் இல்லை, முடிவும் இல்லை. மன்னர் உயிரோடு இருக்கும் வரை செல்லும். அவர் இறந்த பிறகும் 6 மாதம் செல்லும்.

பிடிபட்ட சரக்கைப் பறிமுதல் செய்து விற்பார்கள். அதில் 3-ல் ஒரு பங்கு கவர்னருக்கு. இன்னொரு பங்கு துப்புக் கொடுத்துப் பிடித்தவருக்கு. சோதனை போடப் போட அவர்களுக்கு லாபம்.

நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மன்னர் மறைந்தார்

1760-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி இங்கிலாந்து மன்னர் 2-ம் ஜார்ஜ் இறந்தார். அவருடைய பேரன் 3-ம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார்.

அப்போது தந்தி கிடையாது. கப்பலில்தான் செய்தி வர வேண்டும். டிசம்பர் மாதக் கடைசியில்தான் பாஸ்டனுக்குச் செய்தி எட்டியது.

பழைய மன்னர் போய்விட்டார். 6 மாதத்தில் பழைய காகிதங்கள் எல்லாம் செல்லாமல் போகும். ஆகவே சுங்க அதிகாரிகள் புதிய உத்தரவு கேட்டு மாகாண உயர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இதுதான் சமயம் என்று பாஸ்டன் வியாபாரிகள் 63 பேர் கூடினார்கள். புதிய உத்தரவு கொடுக்கக்கூடாது என்று கோர்ட்டில் மனுப் போட்டார்கள்.

சுங்க அதிகாரிகளுக்காக வாதாட வேண்டியது யார்? அரசாங்க வக்கீல் ஓட்டிஸ்தான்.

ஓட்டிஸ் யோசித்தார். இந்தக் காகிதம் நியாயம் என்று தம்மால் வாதாட முடியாது என்று முடிவு செய்தார். பதவியை ராஜினாமா செய்தார்.

வியாபாரிகள் ஓடி வந்தார்கள். தங்களுக்காக வாதாட வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய தொகை தருவதாகச் சொன்னார்கள். ஓட்டிஸ் சம்மதித்தார். ஆனால் இது போன்ற வழக்குக்குப் பீஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பகையா? கொள்கையா?

ஓட்டிசின் விரோதிகள் வேறு கதை சொன்னார்கள். அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

1760-ல் உயர் கோர்ட்டின் பிரதம நீதிபதி இறந்தார். அந்தக் கோர்ட்டில் ஒரு நீதிபதி பதவி தமக்கு வரும் என்று ஓட்டிசின் தந்தை நம்பியிருந்தார். முன்பு இருந்த ஒரு கவர்னர் வாக்குக் கொடுத்திருந்தாராம். ஆனால் புதிய கவர்னர் பெர்னார்டு, தாமஸ் ஹட்சின்சன் என்பவரைப் பிரதம நீதிபதி ஆக்கினார்.

ஹட்சின்சன் ஏற்கனவே துணைக் கவர்னர். கவர்னரின் ஆலோசனை சபையிலும் அங்கத்தினர். போதாததற்கு இந்தப் பதவியும் கிடைத்தது. அவர் வக்கீலுக்குப் படித்தவரும் அல்ல.

இந்தக் கோபத்தில்தான் ஓட்டிஸ் சர்க்காருக்கு எதிராகத் திரும்பினார் என்று விரோதிகள் பேசினார்கள்.

தந்தைக்கு நேர்ந்த ஏமாற்றம் மகனுக்குச் சுட்டிருக்கலாம். மனிதர்தானே! ஆனால் வெறும் கோபத்துக்காக ஒருவர் பதவியையும் பணத்தையும் ஒரே நாளில் உதறுவாரா? அதன் பின் தம் ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுப்பாரா?

கோர்ட்டில்

1761-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். பாஸ்டன் நகர மாளிகையில் வழக்கு நடந்தது. அந்தக் கட்டிடம் இன்றும் இருக்கிறது.

ஆலோசனை சபை மண்டபத்தில் 5 நீதிபதிகள் சிவப்பு அங்கி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரதம நீதிபதி ஹட்சின்சன். நகரத்து வக்கீல்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

ஒரு மூலையில் 25 வயது வாலிபர் ஒருவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். தொழிலுக்குப் புதிதாக வந்த வக்கீல். அவர் பெயர் ஜான் ஆடம்ஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் 2-வது ஜனாதிபதி ஆனவர் அவர்தான்.

சர்க்கார் தரப்பில் முதலில் எழுந்தவர் கிரிட்லி. ஆம், ஓட்டிசின் குருவேதான்.

கிரிட்லி நிதானமாகப் பேசினார். வரி வசூல் ஆகாவிட்டால் சர்க்கார் எப்படி நடக்கும்? கடல் படையை எப்படி வைத்துக் காப்பாற்றுவது? இங்கிலாந்தில் இதே உத்தரவு வழக்கத்தில் இருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் கூடாது? இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

வியாபாரிகள் தரப்பில் தாச்சர் என்ற வக்கீல் பேசினார். பிறகு ஓட்டிஸ் எழுந்தார்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர் பேசினார் என்று ஆடம்ஸ் பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார்.

ஓட்டிசின் வாதம்

ஓட்டிஸ் குருவைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் குறைவாகப் பேசவில்லை. மரியாதையோடுதான் அவர் வாதத்தை மறுத்தார். சீடனின் திறமையைக் கண்டு குருவே பூரித்துப்போனாராம்.

சோதனையே கூடாது என்று ஓட்டிஸ் சொல்லவில்லை. ஒரு வீட்டில் திருட்டுச் சரக்கு இருக்கிறது என்று ஒருவர் சத்தியம் செய்து புகார் கொடுக்கட்டும். நீதிபதி விசாரித்து, அந்த வீட்டின் பெயரை எழுதி உத்தரவு கொடுக்கட்டும். அப்படிப்பட்ட உத்தரவை நான் ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

ஆனால் பெயர் இல்லாத உத்தரவு, புகார் இல்லாத உத்தரவு, கணக்குக் கேட்க முடியாத உத்தரவு கூடவே கூடாது என்றார். ஒவ்வொரு குடிமகனின் சுதந்திரத்தையும் ஒரு சாதாரண அதிகாரியின் கையில் ஒப்படைப்பது போன்றது அது என்று எடுத்துக்காட்டினார்.

ஒருவனுடைய வீடு அவனுடைய கோட்டை என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய கொள்கை. அமைதியாக வீட்டில் இருப்பவன், கோட்டைக்குள் இருக்கும் அரசனைப் போலப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஓட்டிஸ் வாதித்தார். இங்கிலாந்தின் கொள்கையை எடுத்தே இங்கிலாந்தின் காகிதத்தைக் கிழித்தார்.

இன்னொன்றும் சொன்னார். அடிப்படை நியாயத்துக்கு விரோதமாகப் பார்லிமெண்டே சட்டம் செய்தாலும் அந்தச் சட்டம் செல்லாது என்றார். அந்தக் காலத்தில் இது துணிச்சலான பேச்சு.

நீதிபதி வீட்டிலேயே சோதனை

கேட்டவர்களுக்கு எளிதில் விளங்கும்படி ஓட்டிஸ் உள்ளூரில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொன்னார்.

வேர் என்று ஒரு சுங்க அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை ஒழுக்கச் சட்டத்தை மீறியதாக அவர் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது. வாலி என்ற நீதிபதி ஒரு காவலரை அனுப்பி அவரை வரவழைத்து விசாரித்தார்.

விசாரணை முடியும் வரை வேர் பேசாமல் இருந்தார். முடிந்ததும், இனி என் அதிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லி, சட்டைப் பைக்குள் இருந்த காகிதத்தை எடுத்தார். கடத்தல் சரக்கைத் தேடப் போவதாகச் சொல்லி, நீதிபதியின் வீட்டையே பரண் முதல் நிலவறை வரை புரட்டிப் போட்டார். பிறகு, தம்மை அழைத்து வந்த காவலர் வீட்டுக்கும் போய் அதே வேலையைச் செய்தார்.

நீதிபதியின் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் ஏழை எளியவர்கள் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

தோல்வி

பேச்சு முடிந்தபோது மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் மெய் மறந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த இடத்தில்தான் அமெரிக்க சுதந்திரம் என்ற குழந்தை பிறந்தது என்று ஆடம்ஸ் தமது 81-வது வயதில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

ஆனால் வழக்கு?

ஹட்சின்சன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதற்கு என்ன வழக்கம் என்று எழுதிக் கேட்டார். பதில் வந்த பிறகு நவம்பர் மாதத்தில் மறுபடியும் விசாரணை நடந்தது. உத்தரவு கொடுக்கலாம் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஓட்டிஸ் தோற்றார்.

ஆனால் மக்கள் வேறு தீர்ப்பு அளித்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில் பாஸ்டன் மக்கள் ஓட்டிசைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

மால்கம் வீட்டுக் கதவு

1766-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் டேனியல் மால்கம் என்ற வியாபாரியின் வீட்டுக்கு சுங்க அதிகாரிகள் வந்தார்கள். மால்கம் வீட்டின் சில பகுதிகளைக் காட்டினார். பூட்டியிருந்த ஒரு நிலவறையைத் திறக்க மறுத்துவிட்டார்.

அதிகாரிகள் திரும்பிப் போய்ப் பிற்பகலில் மறுபடியும் வந்தார்கள். வீட்டுக் கதவு அடைத்திருந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மாலை வரை நின்று பார்த்துவிட்டு அதிகாரிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன் கோர்ட்டில் தோற்ற வாதம் இப்போது தெருவில் நின்றது.

1767-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் போட்டது. அமெரிக்காவில் உள்ள உயர் கோர்ட்டுகள் இந்த உத்தரவுகளைக் கொடுக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியது. அப்படியும் பல மாகாணங்களில் நீதிபதிகள் ஏதேதோ சாக்குச் சொல்லி உத்தரவு கொடுக்காமல் தட்டிக் கழித்தார்கள்.

எதிரியின் வீடு

இதற்கு இடையில் நடந்த ஒரு சம்பவத்தை மறக்கக்கூடாது.

1765-ல் பார்லிமெண்டு முத்திரை வரிச் சட்டம் கொண்டு வந்தது. பத்திரிகை, பத்திரம் எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. நாடு கொதித்தது. ஓட்டிஸ் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். பல மாகாணப் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிய மாநாட்டுக்கும் போனார்.

ஆனால் ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி இரவு பாஸ்டனில் ஒரு கும்பல் புறப்பட்டது. பிரதம நீதிபதி ஹட்சின்சனின் வீட்டுக்குள் புகுந்தது. கதவை உடைத்தது. நாற்காலி, மேஜை, துணிமணி, வெள்ளிப் பாத்திரம், பணம் எல்லாம் போயின. அவர் எழுதி வைத்திருந்த வரலாற்று ஏடுகளைத் தெருவில் வீசியது. தந்தை வராமல் நான் வர மாட்டேன் என்று மகள் பிடிவாதம் செய்ததால்தான் ஹட்சின்சன் உயிர் தப்பி ஓடினார்.

மறுநாள் அவர் கோர்ட்டுக்கு வந்தபோது அங்கி இல்லை. உடுத்தியிருந்த உடையில் பாதி இரவல் உடை.

அதிகாரி காகிதத்தோடு நுழைந்தால் தவறு என்றால், கும்பல் கோடரியோடு நுழைந்தாலும் தவறுதான். எதிரியின் வீடும் வீடுதான். மறுநாளே பாஸ்டன் மக்கள் கூட்டம் போட்டு இந்த அக்கிரமத்தைக் கண்டித்தார்கள். சில காலம் கழித்து ஓட்டிசும் ஊர்க் கூட்டத்துக்குத் தலைமை வகித்து, கலவரம் கூடாது என்று பேசினார்.

நியாயத்தை எல்லோருக்கும் பொதுவாகப் பார்த்தவர் அவர். 1764-ல் எழுதிய ஒரு சிறு புத்தகத்தில், வெள்ளையரும் கறுப்பரும் பிறப்பால் சுதந்திரமானவர்களே என்று எழுதினார். அடிமை வியாபாரத்தைக் கடுமையாகத் தாக்கினார். அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிய அதற்குப் பிறகு 101 ஆண்டுகள் ஆயின.

காப்பிக் கடையில் அடி

ஓட்டிஸ் கோபக்காரர். உணர்ச்சி வசப்பட்டால் வாய்க்குப் பூட்டு இல்லை. சில சமயம் முன்னுக்குப் பின் முரணாகவும் பேசுவார். நண்பர்களுக்கே சில நாட்களில் அவரைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

1769-ல் சுங்க கமிஷனர்கள் தம்மை ராஜதுரோகி என்று இங்கிலாந்துக்கு எழுதி அனுப்பியதாக அவருக்குத் தெரிய வந்தது. செப்டம்பர் 4-ந் தேதி அவர்களைத் தாக்கிப் பத்திரிகையில் ஓர் அறிக்கை போட்டார்.

மறுநாள் மாலை ஒரு காப்பிக் கடைக்குத் தனியாகப் போனார். அது மன்னரின் அதிகாரிகள் கூடும் இடம். கமிஷனர்களில் ஒருவரான ராபின்சன் அங்கே இருந்தார். வார்த்தை தடித்தது. கைத்தடிகள் மோதின. விளக்குகள் அணைந்தன. இருட்டில் ஓட்டிசின் தலையில் பலத்த வெட்டுக் காயம் விழுந்தது.

வழக்கு நடந்தது. ஓட்டிசுக்கு 2,000 பவுன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்தக் காலத்தில் அது பெரும் பணம். ஆனால் ராபின்சன் மன்னிப்புக் கேட்டதும் ஓட்டிஸ் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோர்ட்டுச் செலவும் வைத்தியச் செலவும் மட்டும் போதும் என்றார்.

இருண்ட நாட்கள்

காயம் ஆறியது. மூளை ஆறவில்லை. முன்பே அவ்வப்போது தலை காட்டிய தடுமாற்றம் இப்போது முற்றியது.

1771-ல் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று அவரைச் சட்டப்படி அறிவித்தார்கள். தம்பி பொறுப்பு எடுத்துக்கொண்டார். சில மாதம் தெளிவாக இருப்பார். மறுபடியும் கலங்கிவிடும். தாம் எழுதி வைத்திருந்த காகிதங்களை எல்லாம் ஒரு நாள் தீயில் போட்டுவிட்டார்.

குடும்பமும் இரண்டு பட்டது. மனைவிக்கு மன்னர் மீது பக்தி. ஒரு மகள் இங்கிலாந்து ராணுவ அதிகாரியை மணந்துகொண்டாள். ஒரே மகன் அமெரிக்கர் பக்கம் சேர்ந்து இளம் வயதிலேயே இறந்தான்.

எல்லோருடைய வீட்டையும் காக்கப் பேசியவர் வீட்டில் நிம்மதி இல்லை.

1775-ல் போர் மூண்டது. ஜூன் 17-ந் தேதி பங்கர் குன்றில் பெரிய சண்டை. ஓட்டிஸ் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, வழியில் ஒரு துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போனார் என்றும், காயம் இல்லாமல் இரவு வீடு திரும்பினார் என்றும் சொல்வார்கள்.

வாசலில் விழுந்த இடி

கடைசிக் காலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் ஒரு விவசாயியின் வீட்டில் ஓட்டிசைத் தங்க வைத்திருந்தார்கள். அமைதியான கிராமம். அந்தக் குடும்பம் அவரை அன்பாகப் பார்த்துக்கொண்டது.

சாவு வந்தால் இடி விழுந்து ஒரு நொடியில் வர வேண்டும் என்று தங்கை மெர்சியிடம் அவர் பல முறை சொல்லியிருந்தார்.

1783-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி. மேகம் கறுத்தது. மழைக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். ஓட்டிஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் நின்றார். வீட்டாருக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஓர் இடி. புகைபோக்கி வழியாக இறங்கி வாசல் நிலையைத் தாக்கியது. ஓட்டிஸ் அப்படியே சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். உயிர் போய்விட்டது. உடலில் ஒரு காயமும் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்போது அவருக்கு வயது 58. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 3-ந் தேதி, அமெரிக்காவின் சுதந்திரத்தை இங்கிலாந்து ஒப்புக்கொண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. பாஸ்டன் நகர இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

வென்ற வாதம்

மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்த வாலிபர் ஆடம்சை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1780-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்துக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள். எழுதியவர்களில் முக்கியமானவர் ஆடம்ஸ்தான். சத்தியத்தோடு கூடிய காரணம் இல்லாமலும், இடத்தைக் குறிப்பிடாமலும் வீட்டைச் சோதனை போடக்கூடாது என்று அதில் 14-வது விதியாக வைத்தார்கள்.

1791-ல் அமெரிக்கா முழுவதற்கும் அது சட்டமாயிற்று. அரசியல் சட்டத்தின் 4-வது திருத்தம் என்று அதற்குப் பெயர். மக்களின் உடலும், வீடும், காகிதங்களும், உடைமைகளும் காரணமற்ற சோதனையில் இருந்து பாதுகாப்பாக இருக்க வேண்டும். தக்க காரணமும் சத்தியமும் இல்லாமல் உத்தரவு கொடுக்கக்கூடாது. எந்த இடம், எந்தப் பொருள், எந்த ஆள் என்று உத்தரவில் எழுத வேண்டும்.

1761-ல் ஓட்டிஸ் கேட்டதும் இதைத்தானே!

இங்கிலாந்திலும் காலம் மாறியது. பெயர் எழுதாமல் மந்திரி கொடுத்த சோதனை உத்தரவு செல்லாது என்று 1760-களிலேயே அந்த நாட்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஓட்டிஸ் பெரிய படை நடத்தவில்லை. ஜனாதிபதி ஆகவில்லை. வழக்கில் கூட ஜெயிக்கவில்லை. தமக்கு நியாயம் என்று பட்டதை, கைச் சோற்றை இழந்தாலும் பரவாயில்லை என்று எழுந்து நின்று சொன்னார். அவ்வளவுதான்.

இன்று இரவு கதவைத் தாழிடும்போது, கடலுக்கு அப்பால் ஒரு வாசலுக்காக வாதாடி, ஒரு வாசலிலேயே உயிர் விட்ட அந்த வக்கீலை நாமும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.